மறதிநோயும் குடும்ப வைத்தியரும்: வழிகாட்டல்களின் பயனும் எல்லையும்

வயது போன ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அல்லது சாப்பிட்டுக் கை கழுவிய உடனேயே தனக்கு இன்னும் சோறு போடவில்லையென்று அயல் வீட்டில் முறையிட்டால், 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று எமது ஊர்களில் சொல்வார்கள். அச்சொல்லில் கேலியும் உண்டு, இரக்கமும் உண்டு. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணமும் அதனுள் இருக்கிறது. மருத்துவர்கள் இந்நிலையை டிமென்சியா என்பர். தமிழில் மறதிநோய் என்கிறோம். ஆனால் இது வெறும் மறதியன்று. மூளையின் கலங்கள் படிப்படியாகச் சிதைவதனால் ஞாபகம், பேச்சு, இடமறியும் ஆற்றல், ஈற்றில் உடுத்தல், உண்ணல் போன்ற அன்றாடக் கருமங்கள் கூட ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப் போகும் நோய்நிலை இது. இதற்கு மிகப் பொதுவான காரணம் அல்சைமர் நோய். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பழுதடைவது இன்னொரு முக்கிய காரணம்.

சில வருடங்களுக்கு முன்னர் கடற்கரைக் கிராமமொன்றில் மாதர் சங்கத்தின் சிறுசேமிப்புக் கூட்டம் முடிந்து புறப்படுகையில், அங்கத்தவர் ஒருவர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார. எழுபது வயதைத் தாண்டிய அவருடைய தாயார் திண்ணையில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தார். வாயோரம் எச்சில் வடிந்தது. கைகள் இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. "அம்மா முந்தி இப்பிடி இல்லை, பாதர். மறதிதான் இருந்தது. நடந்து திரிஞ்சவ" என்றார் மகள். எட்டு மாதங்களுக்கு முன் காய்ச்சலுக்காகத் தாயை வைத்தியசாலையில் அனுமதித்திருக்கிறார்கள். விடுதியில் இரவு முழுவதும் அவர் சத்தமிட்டதால் ஒரு குளிசை கொடுக்கப்பட்டது. வீடு திரும்பும்போது அதே குளிசை துண்டிலும் எழுதப்பட்டது. அன்று தொட்டு மாதம் தவறாமல் மகள் அதை வாங்கிக் கொடுத்து வருகிறார். இடையில் தாய் இரண்டு தடவை விழுந்துவிட்டார்.

குளிசையின் பெயரை எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அது ஹலோபெரிடோல். கடும் மனநோய்களுக்காக உருவாக்கப்பட்ட மருந்து. அதை முதலில் எழுதியவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. விடுதி முழுவதையும் நள்ளிரவில் தனியே பார்க்கும் இளம் வைத்தியர் வேறு என்ன செய்வார்? எத்தனை நாளைக்கு என்று எவரும் எழுதவில்லை. அதுதான் என் மனதை உறுத்தியது. இந்தக் கேள்விக்கு எங்கேயாவது எழுதப்பட்ட விடை உண்டா என்று தேடப்போய்த்தான் சிகிச்சை வழிகாட்டல்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

வழிகாட்டல் என்பது என்ன?

ஒரு நோயைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளை நிபுணர் குழுவொன்று சேர்த்து, தரம் பிரித்து, நிறுத்துப் பார்த்து, 'இந்நிலையில் இதைச் செய்க, இதைச் செய்யாதிருக்க' என்று வைத்தியர்களுக்காக எழுதிக் கொடுப்பதே சிகிச்சை வழிகாட்டல். அது சட்டமுமன்று, பாடநூலுமன்று. தனியொரு வைத்தியரால் எல்லா ஆய்வுகளையும் வாசித்து முடிக்க இயலாது. அவருக்காக வேறு சிலர் வாசித்து வைத்த சாரம் அது.

இதன் பயனையும் எல்லையையும் அறிய இங்கிலாந்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அங்குள்ளவை எல்லாம் சிறந்தவை என்பதனாலன்று. அங்கே வெற்றியும் தோல்வியும் கணக்கெடுக்கப்பட்டுப் பகிரங்கமாக எழுதப்பட்டுள்ளன என்பதனால். 1948ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டில் அரச சுகாதார சேவை உண்டு. ஏறக்குறைய ஒவ்வொருவரும் தமது பகுதிக் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்திருப்பர். விசேட நிபுணரிடம் போவதும் வழமையாக அவர் மூலமாகவே. 1999இல் 'நைஸ்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவனம் அமைக்கப்பட்டது. எந்தச் சிகிச்சை பயனுள்ளது, செலவுக்குத் தகுந்தது என்று ஆராய்ந்து வழிகாட்டுவது அதன் பணி. மறதிநோய்க்கான அதன் வழிகாட்டல் 2006 நவம்பரில் வெளிவந்தது. 2018 ஜூனில் புதிய வழிகாட்டல் அதன் இடத்தைப் பெற்றது.

அவ்வழிகாட்டல் குடும்ப வைத்தியரிடம் கேட்பவை பெரிய காரியங்களல்ல. முதலில் நோயாளரிடமும், கூடுமாயின் அவரை நன்கறிந்த ஒருவரிடமும் விபரம் கேட்கவேண்டும். உடலைப் பரிசோதித்து, தைரொயிட் சுரப்புக் குறைவு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு, காய்ச்சலாலோ சிறுநீர்த் தொற்றாலோ திடீரென ஏற்படும் சித்தக் குழப்பம், வேறு மருந்துகளின் விளைவு ஆகியன இல்லையென்று பார்க்கவேண்டும். இவை மறதிநோய் போலவே தோன்றுவன, ஆனால் திருத்தக்கூடியவை. பின்னர் சில நிமிடங்களில் செய்யக்கூடிய சிறு ஞாபகச் சோதனையொன்று. மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு, மணிக்கூட்டு முகமொன்றை வரையச் சொல்வது அவ்வகையில் ஒன்று. இதன் பின்னரும் ஐயமிருந்தால் ஞாபக கிளினிக்குக்கு அனுப்பவேண்டும். சோதனையில் நல்ல புள்ளி பெற்றார் என்பதை மட்டும் கொண்டு நோய் இல்லையென்று தள்ளிவிடக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

பத்து நிமிடம்

எழுதியிருப்பது இலகு. அங்கே குடும்ப வைத்தியரிடம் ஒரு நோயாளருக்கு வழமையாகக் கிடைப்பது ஏறத்தாழப் பத்து நிமிடம். எண்பது வயது மூதாட்டி எழுந்து நடந்து வந்து கதிரையில் அமர்வதற்கே அதில் ஒரு பங்கு போய்விடும். "எனக்கு ஒரு குறையுமில்லை" என்பார் அவர். பின்னால் நிற்கும் மகள் வாய் திறவாமல் தலையை ஆட்டுவார். தாயின் முன்னிலையில் மகள் என்ன சொல்வது? வைத்தியர் எதைக் கேட்பது? 'நன்கறிந்த ஒருவரிடம் விபரம் கேட்க' என்ற சிறு வசனத்துக்குள் இவ்வளவு சங்கடம் இருக்கிறது.

வைத்தியர்களுக்குப் போதிய அறிவில்லை, ஆகவே பயிற்சி கொடுத்தால் போதும் என்று முன்னர் பலர் எண்ணினர். 2006இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று இதைப் பரீட்சித்தது. இலண்டனிலும் மத்திய ஸ்கொட்லாந்திலும் 36 குடும்ப வைத்திய நிலையங்கள் அதில் பங்குபற்றின. சிலவற்றுக்குக் கணினித் தட்டில் பாடம் கொடுக்கப்பட்டது. சிலவற்றின் கணினியில் முடிவெடுக்க உதவும் நிரல் பொருத்தப்பட்டது. சிலவற்றில் வைத்தியர்கள் ஒன்றுகூடிக் கலந்துரையாடும் செயலமர்வு நடைபெற்றது. கணினி நிரலும் செயலமர்வும் கிடைத்த இடங்களில் மறதிநோயாளர் கூடுதலாகக் கண்டறியப்பட்டனர். ஆனால் அவர்களைப் பராமரிக்கும் விதம் வழிகாட்டலோடு முன்னையதைவிட நெருங்கி வரவில்லை. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒவ்வொரு நிலையத்தின் தேவைக்கும் ஏற்பப் பயிற்சி தயாரித்தும், நோய் கண்டறிதலோ மீளாய்வோ கூடவில்லை.

கூட்டெரு தயாரிப்பதற்குச் செயலமர்வு நடத்திவிட்டு, அடுத்த வருடம் அதே கிராமத்துக்குப் போய்ப் பார்த்த பணியாளர் எவருக்கும் இது புதினமாயிராது. தெரியாமை பல வேளைகளில் தடையே அன்று. நேரமில்லை, கண்டறிந்த பிறகு அனுப்புவதற்கு இடமில்லை, சொன்னால் குடும்பம் உடைந்துபோகும் என்ற தயக்கம், இவையே தடைகள். கண்டறிந்தும் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத வைத்தியர் மெதுவாகக் கண்டறிவதை நிறுத்திவிடுவார்.

புள்ளியும் பணமும்

டொனெபெசில் முதலான மூன்று மருந்துகள் அல்சைமர் நோயின் அறிகுறிகளைச் சிலரில் சிறிது காலத்துக்குத் தணிக்கும். நோயை நிறுத்தமாட்டா. 2001இல் நைஸ் நிறுவனம் இவற்றை ஆரம்பக் கட்டத்தினருக்கும் நடுத்தரக் கட்டத்தினருக்கும் அனுமதித்தது. 2006இல், செலவுக்குத் தக்க பயனில்லையென்று சொல்லி, நடுத்தரக் கட்டத்தினருக்கு மட்டும் என்று சுருக்கியது. அக்கட்டத்தை நிர்ணயித்தது 1975இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஒரு சோதனை. 30 புள்ளிகளில் 10 முதல் 20 வரை பெற்றால் மருந்து. 22 பெற்றால் இல்லை. மருந்து பெறுவதற்காக எங்கள் தாய் இன்னும் மோசமாக வேண்டுமா என்று குடும்பங்கள் கேட்டன.

2007இல் இவ்விடயம் இலண்டன் மேல் நீதிமன்றத்துக்குப் போயிற்று. வழக்குத் தொடுத்தது மருந்து உற்பத்தி நிறுவனம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் வாதங்களிற் பெரும்பாலானவை எடுபடவில்லை. ஆனால் ஒன்று நிலைத்தது. கற்றற் குறைபாடுடையோரையும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோரையும் இந்தப் புள்ளியால் அளப்பது பாரபட்சமாகும் என்று நீதிமன்றம் கண்டது. நிறுவனம் வழிகாட்டலைத் திருத்த நேரிட்டது. 2011இல் ஆரம்பக் கட்டத்தினருக்கும் மருந்து மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இது எமக்குத் தூரத்துச் செய்தியன்று. அதே சோதனை இன்று இப்போது என்ன பருவகாலம் என்று கேட்கிறது. ஒரு வசனம் எழுதச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத ஆச்சி அதில் குறைந்த புள்ளி பெறுவார். அவருக்கு நோயே இராது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முழுப் புள்ளி வாங்குவார். முதல் நாள் ஒழுங்கையில் வழி தெரியாமல் நின்றவர் அவராக இருக்கும். எமது நாட்டில் ராகமைப் பகுதியில் நடந்து 2003இல் வெளியான கணக்கெடுப்பொன்று 65 வயதைத் தாண்டியோரில் ஏறத்தாழ 4 வீதத்தினருக்கு மறதிநோய் இருப்பதாகக் கண்டது. இந்நாட்டு ஆய்வாளர்கள் அச்சோதனையைச் சிங்களத்தில் தயாரித்துப் பரீட்சித்தும் இருந்தனர். மொழியும் படிப்பும் புள்ளியை மாற்றும் என்பதை அறிந்தவர்கள் செய்யும் வேலை அது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2006 முதல் மறதிநோயாளரின் இடாப்பைப் பேணுவதற்கும் அவர்களைக் காலந்தோறும் மீளாய்வு செய்வதற்கும் குடும்ப வைத்திய நிலையங்களுக்குக் கொடுப்பனவு சேர்க்கப்பட்டது. அப்படியிருந்தும் 2010களின் ஆரம்பத்தில் நோயுள்ளோரிற் பாதிக்கும் குறைவானோரே கண்டறியப்பட்டிருந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. ஆகவே 2014 ஒக்டோபரில், புதிதாகக் கண்டறியும் ஒவ்வொருவருக்கும் 55 பவுண் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். வைத்தியர்களே கொதித்தெழுந்தனர். 'உன் தாய்க்கு மறதிநோய்' என்று வைத்தியர் சொல்லும்போது, அதில் 55 பவுண் இருக்கிறதோ என்று மகள் எண்ணத் தொடங்கினால் பிறகு அந்த அறையில் என்ன மிஞ்சும்? 2015 மார்ச்சுடன் திட்டம் முடிவுற்றது. மூன்றில் இரண்டு பங்கினரைக் கண்டறிவது என்ற இலக்கை அந்நாடு அக்காலத்தில் எட்டியதும், கோவிட் காலத்தில் மீண்டும் சரிந்ததும் உண்மை. ஆனால் இடாப்பில் ஒரு பெயர் ஏறியதனால் அந்த வீட்டில் என்ன மாறியது என்பதை இலக்கு சொல்லாது.

கையைப் பிடித்து நிறுத்தும் வழிகாட்டல்

இனி அந்தக் குளிசைக்கு வருவோம். என் அபிப்பிராயத்தில், மறதிநோய் வழிகாட்டல்கள் செய்த மிகப் பெரிய நன்மை இங்கேதான். வைத்தியரை ஒன்றைச் செய்யத் தூண்டிய இடங்களில் அவற்றின் பயன் கலப்பானது. ஒன்றைச் செய்யாதிருக்க அவர் கையைப் பிடித்த இடத்தில் அவை உயிர் காத்தன.

நோய் முற்றும்போது சிலர் இரவில் எழுந்து நடப்பர், கத்துவர், அடிக்க வருவர், பிள்ளையைத் திருடன் என்பர். இதற்கு மனநோய் மருந்துகளைக் கொடுப்பது உலகெங்கும் நெடுங்கால வழக்கம். 2004இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் ஆகிய இரண்டும் மறதிநோயாளரில் பாரிசவாத அபாயத்தைக் கூட்டுவதாக எச்சரித்தது. 2005இல் அமெரிக்க அதிகாரிகள், இவ்வகைப் புதிய மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரில் மரண அபாயத்தையே கூட்டுகின்றன என்றனர். 2008இல் ஹலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை நீட்டப்பட்டது. 2006 வழிகாட்டலும் கட்டுப்பாடு விதித்திருந்தது. ஆயினும் பழக்கம் எளிதில் மாறவில்லை.

2009 நவம்பரில், அரசு கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பேராசிரியர் சுபே பானர்ஜி ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் எண்களை ஆறுதலாக வாசியுங்கள். அந்நாட்டில் வருடமொன்றுக்கு ஏறத்தாழ 1,80,000 மறதிநோயாளர் இம்மருந்துகளைப் பெறுகின்றனர். அவர்களில் ஏதாவது பயன் அடைவோர் கூடியது 36,000 பேர். மருந்தின் விளைவாக மேலதிகமாகச் சம்பவிக்கும் மரணங்கள் ஏறத்தாழ 1,800. பாரிசவாதம் முதலிய மூளைக் குருதிக்குழாய்ப் பாதிப்புகள் 1,620. ஐந்து பேருக்குக் கொடுத்தால் நால்வருக்குப் பயனில்லை. ஆபத்தில் மட்டும் ஐவருக்கும் பங்குண்டு.

இதன்பின் தேசிய மட்டத்தில் கணக்கெடுப்பு நடந்தது. 2012இல் வெளியான அதன் பெறுபேற்றின்படி, இம்மருந்தைப் பெற்ற மறதிநோயாளரின் வீதம் 2006இல் 17.05 ஆக இருந்து 2011இல் 6.80 ஆகக் குறைந்திருந்தது. பயிற்சிகளால் அசையாத அதே வைத்தியர்கள்தாம் இங்கே அசைந்தார்கள். ஏன்? கேட்கப்பட்ட காரியம் ஒன்றே ஒன்று, தெளிவானது. பத்து நிமிடத்துக்குள் செய்யக்கூடியது. மருந்தாளரும் தாதியும் மகளும் கூட 'இது இன்னும் ஏன்?' என்று கேட்கக்கூடியது. எண்ணிப் பார்க்கவும் முடிந்தது.

2018 வழிகாட்டல் சொல்வது இதுதான். நோயாளர் தமக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் ஆபத்து இருந்தால், அல்லது அமைதியின்மையாலோ பொய்த் தோற்றங்களாலோ கடுமையாகத் துன்புற்றால் மட்டுமே இம்மருந்து. அதுவும் பயன் தரும் ஆகக் குறைந்த அளவில், ஆகக் குறுகிய காலத்துக்கு. குறைந்தது ஆறு வாரங்களுக்கு ஒரு தடவை, இன்னும் தேவையா என்று பார்க்கவேண்டும். பயனில்லையென்றால் நிறுத்தவேண்டும். நோயாளருடனும் குடும்பத்தினருடனும் நன்மை தீமைகளை முன்கூட்டியே பேசவேண்டும்.

மருந்துக்கு முன்னர் பார்க்கவேண்டியவை வேறு. எங்காவது நோகிறதா? மலச்சிக்கலா? சிறுநீரில் தொற்றா? தாகமா? காது கேளாமையா? அறை இருட்டாக இருக்கிறதா? 'நோகுது' என்ற சொல் மறந்துபோனவர் கத்தித்தான் சொல்லுவார். மருந்து அந்தச் சத்தத்தை அடக்கும். நோவை அடக்காது.

இம்மருந்தை ஒருபோதும் கொடுக்கக்கூடாது என்று எண்ணிவிட வேண்டாம். பேய்கள் தன்னைச் சூழ்ந்து நிற்பதாக இராப்பகலாக அலறும் ஒருவருக்கு அது உண்மையான ஆறுதலாகலாம். வழிகாட்டலும் அதை மறுக்கவில்லை. இதை வாசித்துவிட்டு வீட்டிலுள்ள குளிசையைத் தாமாகவே திடீரென நிறுத்துவதும் தவறு. குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரோடு பேசிச் செய்யவேண்டிய காரியங்கள்.

2020இல் கோவிட் தொற்று பரவியபோது இங்கிலாந்தில் இம்மருந்தின் பாவனை மீண்டும் கூடியது. காரணம் ஒன்றல்ல. ஆனால் வழிகாட்டல் ஓர் எழுத்தும் மாறாமல் மேசையில் இருந்தது என்பதையும், முதியோர் இல்லங்களின் வாசலில் உறவினர் நிறுத்தப்பட்ட காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஒருவருக்கு ஒரு நோய் மட்டுமா?

வழிகாட்டல்களின் பெரிய குறையொன்று உண்டு. நீரிழிவுக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, மூட்டுவாதத்துக்கு ஒன்று என்று, மனிதருக்கு ஒரு நோய்தான் வரும் என்பதுபோல் அவை எழுதப்படுகின்றன. 2005இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஒரு கணக்குப் பார்த்தார்கள். 79 வயதுப் பெண் ஒருவருக்கு ஐந்து சாதாரண நோய்கள் இருப்பதாகக் கற்பனை செய்து, ஒவ்வொரு நோயின் வழிகாட்டலையும் அப்படியே பின்பற்றினால் என்னவாகும் என்று பார்த்தபோது, 12 மருந்துகள் தேவைப்பட்டன. மாதச் செலவு 406 டொலர். அவருக்கு மறதிநோய் இருப்பதாக அவர்கள் எண்ணவில்லை. இருந்தால் அந்தப் பன்னிரண்டையும் நேரம் தவறாமல் எடுப்பது யார்? காலையில் எடுத்ததை மறந்து மீண்டும் எடுத்தால்?

அனுபவமுள்ள குடும்ப வைத்தியர் இவ்விடத்தில் நூல்களிற் சிலவற்றை ஓசையின்றி மூடி வைப்பார். சாப்பிட்டதையே மறப்பவருக்குச் சீனியைக் கடுமையாகக் குறைத்தால் சீனி இறங்கி மயங்கி விழுவார் என்பதை அறிந்து, இலக்கைத் தளர்த்துவார். இது கீழ்ப்படியாமையன்று. தனியொரு நோயாளருக்கு எது தகும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை வழிகாட்டல் பறிக்காது என்று நைஸ் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. 2016இல் பல நோய்கள் சேர்ந்து வருவோருக்கென்று தனி வழிகாட்டலும் வெளியிட்டது.

சில சாதாரண மருந்துகளே மறதியைக் கூட்டும் என்பதையும் எம்மவர் அறிந்திருத்தல் நன்று. தடிமலுக்கும் கடிக்கும் கடையில் வாங்கிப் போடும் பிரிற்றோன் குளிசை, நரம்பு நோவுக்கு இரவில் கொடுக்கும் அமிற்றிப்ரிலின், சிறுநீர் அடக்க முடியாதோருக்கான சில மருந்துகள் என்பன அவ்வகையின. வீட்டிலுள்ள குளிசைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு வைத்தியர் முன் கொட்டிக் காட்டுவது எந்தச் சோதனைக்கும் குறைந்ததன்று.

பராமரிப்பவர்

2018 வழிகாட்டல், பராமரிக்கும் உறவினருக்கும் பயிற்சியும் உளத்துணையும் வேண்டும் என்கிறது. இதற்கு வைத்தியரே தேவையென்றில்லை. இலண்டனில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியற் பட்டதாரிகள் மேற்பார்வையின் கீழ் பராமரிப்போரை எட்டுத் தடவை சந்தித்துப் பேசியதால் அவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன.

எமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கோவாவில் உண்டு. மறதிநோயாளரில் மூன்றில் இரு பங்கினர் வளர்முக நாடுகளில் வாழ, ஆய்வில் பத்து வீதமும் அங்கே நடப்பதில்லை என்பதைச் சுட்டிக்காட்டவே '10/66' என்று பெயர் சூட்டிக்கொண்ட ஆய்வாளர் குழுவொன்று இருக்கிறது. அந்த நோக்கோடு கோவாவில் 81 குடும்பங்களில் நடந்த ஆய்வு 2008இல் வெளியாயிற்று. மருத்துவப் பின்னணியில்லாத உள்ளூரவர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, இரு வாரங்களுக்கு ஒரு தடவையாவது ஆறு மாதங்களுக்கு வீடு வீடாக அனுப்பினார்கள். நோயைப் பற்றி விளக்குவதும், தொல்லை தரும் நடத்தையை எப்படிக் கையாளலாம் என்று சேர்ந்து யோசிப்பதும், வேண்டியபோது வைத்தியரிடம் தொடர்புபடுத்துவதுமே அவர்கள் வேலை. பராமரிப்போரின் மனத்துயர் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2016இல் திருத்திய, நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளருக்கான வழிகாட்டியும் மறதிநோயில் பராமரிப்போரைக் கவனிப்பதற்கு முக்கிய இடம் கொடுக்கிறது.

அந்தக் கடற்கரைக் கிராமத்துக்குத் திரும்புகிறேன். எமது பணியாளர் ஒருவர் மகளோடிருந்து ஒரு தாளில் விபரம் எழுதினார். மறதி எப்போது தொடங்கியது, குளிசை எந்தத் திகதியில் தொடங்கியது, அதன் முன் தாய் எப்படி நடந்தார், பின் எப்படி, எத்தனை தடவை விழுந்தார், இரவில் எத்தனை மணிக்கு எழும்புகிறார், எழும்பி என்ன சொல்கிறார். ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. பிரதேச வைத்தியசாலையின் வைத்தியர் அதை நின்ற நிலையிலேயே வாசித்தார். பின்னர் அமர்ந்து இன்னொரு தடவை வாசித்தார். குளிசையை முதலில் பாதியாக்கி, சில வாரங்களில் நிறுத்தினார்.

கை நடுக்கம் குறைந்தது. தாய் மீண்டும் நடந்தார். மறதி குறையவில்லை, அது தன் வழியே கூடிக்கொண்டுதான் போயிற்று. அதிகாலை மூன்று மணிக்கு எழும்புவதும் திரும்ப வந்தது. "விடு என்னை, வள்ளம் வந்திடும்" என்பாராம். நாற்பது வருடங்களாக அந்நேரத்தில் விளக்கோடு கரைக்குப் போய்க் கணவனின் வள்ளத்துக்குக் காத்திருந்தவர் அவர். கணவர் இறந்து பல வருடங்களாகின்றன. வைத்தியசாலையிலும் அவர் கத்தியது இதற்காகத்தானோ என்னவோ. அங்கே அவரைக் கேட்டவர் எவருமில்லை.

இப்போது மகள் மறுப்பதில்லை. ரோச் லைற்றோடு கரை வரைக்கும் கூட்டிச் சென்று, சிறிது நேரம் இருத்திவிட்டு, இன்றைக்குக் காற்று, வள்ளம் பிந்தும் என்று சொல்லித் திரும்பக் கூட்டி வருகிறார். வெறுந்தேநீர் குடித்துவிட்டுத் தாய் படுத்துவிடுவார். ஆனால் மகளுக்கு ஐந்து மணிக்குக் கருவாட்டு வாடியில் வேலை. "மூண்டு மணிக்கு எழும்பினா நான் பிறகு எப்ப படுக்கிறது, பாதர்?" என்று கேட்டார். நான் வாசித்த எந்த வழிகாட்டலிலும் இதற்கு விடை இருக்கவில்லை. மாதர் சங்கக் கூட்டத்தில் அவரே எழுந்து அதைக் கேட்டார். செவ்வாயும் வெள்ளியும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வந்து தாயைக் கரைக்குக் கூட்டிச் செல்கிறார். மற்ற ஐந்து இரவுகளுக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.